கடல் பாடம் பாக்கி

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் ஜெயஷீலா தான் வேலை பார்க்கும் பாத்திரக்கடையின் முன்பக்கம் வந்து நிற்பாள். மற்ற நாட்களில் கூப்பிட்டாலும் வரமாட்டாள். குக்கர் பெட்டிகளுக்குப் பின்னால், யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியிராத இடம்தான் அவளுக்குத் தோது. வெள்ளி பிற்பகலில் தாம்பாளம் துடைக்கிற சாக்கில் வாசலுக்கு வந்து, கிழக்கேகோட்டையிலிருந்து சாலைக் கம்போளக் கடைத்தெருவுக்குள் திரும்புகிற கூட்டத்தில் ஒரு நீலப் பை தெரிகிறதா என்று பார்ப்பாள்.

"வருவா வருவா," என்றார் பிச்சைக்கனி அண்ணாச்சி கல்லாவில் இருந்தபடி. "நீ தேய்க்கிற தேய்ப்புல அந்தத் தட்டு காகிதம் மாதிரி ஆயிரும் போல. யாரு வாங்குவா அதை?"

"தூசியா இருந்துச்சு அண்ணாச்சி."

"வெள்ளிக்கிழமைத் தூசி."

நீலப் பை விஷ்ணுப்ரியாவுடையது. அக்ரஹாரத் தெருப் பெண், பேச்சில் மலையாளம் கலந்து வரும். கல்லூரியில் மண்ணும் பாறையும் படிக்கிறாள். அவளுக்குப் பாடம் எடுக்கிற சூடாமணி டீச்சரிடம் ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. அந்த வாரம் நடத்தியதைப் பரீட்சைத் தாளில் எழுதினால் டீச்சர் மார்க் போடமாட்டார். பாடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு ஆளை மாணவர்களே தேடிப் பிடித்து, அவருக்குச் சொல்ல வேண்டும். சனிக்கிழமை டீச்சர் அந்த ஆளிடம் வருவார். அவர் தன் சொந்த வார்த்தையில் திருப்பிச் சொல்வதைக் கேட்டு, சொன்ன மாணவருக்கு மார்க் போடுவார். அப்படிக் கேட்கிறவருக்குக் 'கேள்விக்காரர்' என்று பெயர். ஒரு பையன் ஆட்டோ ஸ்டாண்டில் ஒரு கேள்விக்காரரைப் பிடித்திருந்தான். இன்னொருத்தி மீன் விற்கிற அம்மாவை. விஷ்ணுப்ரியா புட்டுக்குடம் வாங்க வந்த இடத்தில் ஜெயஷீலாவைப் பிடித்தாள்.

"நீ எதுவரைக்கும் படிச்சிருக்கே?" என்று அன்றைக்குக் கேட்டாள்.

"பத்து. பாதியில நிறுத்திட்டேன்." அம்மா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த வருஷம் அது. அதை அவள் சொல்லவில்லை.

"பாறையப் பத்தி ஏதாவது தெரியுமா?"

"தெரியாது."

"சூப்பர்!" என்று விஷ்ணுப்ரியா கையைப் பிடித்துக் குலுக்கினாள். ஒன்றும் தெரியாததற்காக ஒருத்தர் சந்தோஷப்பட்டது ஜெயஷீலாவுக்கு அதுதான் முதல் தடவை.

அது ஜூலையில். இப்போது நவம்பர். துலாமழை தினமும் பிற்பகலில் ஒரு பாட்டம் பெய்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. விஷ்ணுப்ரியா குடையை உதறிக்கொண்டு ஏறி வந்தாள்.

"லேப்ல பிடிச்சு வெச்சுட்டா, ஜெயா. அதான் லேட். மாமா, ரெண்டு தாம்பாளம் எடுத்துக்கறேன் கேட்டோ. வாங்கறதுக்கு இல்லே, பாடத்துக்கு."

"நீ என்னைக்கு வாங்கியிருக்க? எடு, எடு," என்றார் அண்ணாச்சி.

இரண்டு தாம்பாளங்களையும் தரையில் விளிம்போடு விளிம்பாக ஒட்டி வைத்தாள். "இது நாம. இது மடகாஸ்கர்னு ஒரு தீவு. இப்போ ஆப்பிரிக்கா பக்கத்துல கெடக்கு. ஒரு காலத்துல ரெண்டும் ஒண்ணா ஒட்டிண்டு இருந்தது."

"யாரு பாத்தா?" என்றாள் ஜெயஷீலா. மற்றவர்களிடம் இப்படிக் கேட்க அவளுக்கு வாய் வராது. இந்த நேரத்தில் மட்டும் வரும்.

"அதான் கேள்வி! ஒருத்தரும் பாக்கலை. ஓரம் ரெண்டும் பொருந்தறதுன்னு சொன்னா, எதேச்சையாப் பொருந்தியிருக்கலாமேன்னு நீ சொல்லுவே. அதனால..." விலை எழுதுகிற கறுப்புப் பேனாவை எடுத்து, இந்தத் தாம்பாளத்தில் தொடங்கி விளிம்பைத் தாண்டி அந்தத் தாம்பாளம்வரை ஒரு கோடு இழுத்தாள். அதன் பக்கத்திலேயே வளைவாக இன்னொன்று. பிறகு இரண்டு தட்டையும் இரண்டு பக்கமாக நகர்த்தினாள். கோடுகள் அறுந்து நின்றன. "இந்தக் கோடுதான் பாறை. பொன்முடி மலையில இருக்கற அதே ஜாதிக் கல்லு, அதே வயசு, அதே நெளிவு, இங்கே நின்னு போயிடறது. அங்கே போனா விட்ட இடத்துலேந்து ஆரம்பிக்கறது."

ஜெயஷீலா இரண்டு தட்டுக்கும் நடுவே இருந்த சிமெண்டுத் தரையைப் பார்த்தாள். "நடுவுல?"

"நடுவுல கடல்."

"கடல் எங்கேருந்து வந்துச்சு?"

"அது அடுத்த செமஸ்டர்," விஷ்ணுப்ரியா பையை மாட்டிக்கொண்டாள். "அடுத்த செமஸ்டர் முழுக்கக் கடல்தான். கடலுக்கு அடியில என்ன இருக்கு, அது எப்படி வளர்றது, எல்லாம். அதுதான் நன்னா இருக்கும்னு சீனியர் எல்லாம் சொல்றா. ஆனா அதுக்கு நீ வேண்டாம், அல்லே? உனக்கு விடுதலை."

"ஏன்?"

"ரூல் அப்படி. இந்தக் கடைசிப் பாடமும் புரிஞ்சுட்டா அந்தக் கேள்விக்காரர் அதோட சரி, அடுத்த செமஸ்டருக்குப் புது ஆள். தெரிஞ்சுண்டவா மறுபடி தெரியாதவா ஆக முடியாதுன்னு டீச்சர் சொல்லுவார். புரியலைன்னாதான் பாக்கி. பாக்கி விழுந்தா அதே ஆள்கிட்டயே அடுத்த செமஸ்டரும் போகணும்." பிறகுதான் முக்கியமான விஷயம் ஞாபகம் வந்தவள் போலத் தலையில் தட்டிக்கொண்டாள். "ஐயோ, சொல்ல மறந்துட்டேன். நாளைக்கு டீச்சர் வரமாட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை வருவார், கமிட்டியோட. புதுசா பாடம் நடத்தறவாளுக்கு யூனிவர்சிட்டி ஒரு அவார்டு தரப்போறா. டீச்சர் பேரு கடைசி வரைக்கும் வந்திருக்கு. நேர்ல பாக்கணுமாம். உன்னைத்தான் பாக்கப் போறா."

"என்னையா?"

"நீ இந்த மடகாஸ்கரைச் சொன்னாப் போறும். எனக்கு ஃபுல் மார்க், டீச்சருக்கு அவார்டு."

அவள் போன பிறகு ஜெயஷீலா தாம்பாளங்களில் இருந்த கோட்டை ஈரத்துணியால் அழித்தாள். முழுசாகப் போகவில்லை.

அந்த வாரம் அவள் மனசு வேலையில் இல்லை. கடலை அவள் பார்க்காதவள் இல்லை. சங்குமுகத்துக்கு அப்பாவோடு போயிருக்கிறாள். ஒவ்வொரு மழைக்கும் கடல் கரையைத் தின்று, ரோடு உடைந்து தொங்குவதையும் பார்த்திருக்கிறாள். ஆனால் அதற்கு அடியில் ஏதோ இருக்கிறது, அது வளர்கிறது என்று இதுவரை ஒருவரும் அவளிடம் சொன்னதில்லை. சொல்லப் போகிற நேரத்தில் விடுதலை என்கிறார்கள். கரமனையில் அவர்கள் வீட்டில் அப்பா சாப்பிடும்போது கூலியும் சிமெண்டும் பற்றிப் பேச்சு நடக்கும். அம்மா கால்வலியைப் பற்றிச் சொல்வாள். எல்லாம் நியாயமான பேச்சுதான். ஆனால் ஒருத்தர் வந்து எதிரே உட்கார்ந்து, உலகத்தில் ஒரு விஷயத்தை எடுத்து, இது உனக்குப் புரிகிறதா, புரிகிறதா என்று முகத்தையே பார்த்துக்கொண்டு சொல்வது வெள்ளிக்கிழமையில்தான் நடந்தது.

"ஏட்டி, என்ன ஒரு மாதிரி இருக்க?" அண்ணாச்சி கேட்டார்.

"அடுத்த மாசத்துலருந்து அந்தப் பிள்ளை வராது அண்ணாச்சி. புரிஞ்சிட்டுன்னா வேற ஆளாம்."

"அப்பம் புரியலன்னு சொல்லிர வேண்டியதானே! எங்க அக்கா மகன் ஒரு பரீட்சையை அஞ்சு வாட்டி எழுதுனான். வருசா வருசம் காலேஜ்ல அவனுக்கு ஒரு பெஞ்சு இருந்துச்சு." அவர் சிரித்துவிட்டு, குத்துப்போணி விலை கேட்டவரிடம் திரும்பிவிட்டார்.

அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஜெயஷீலா அதை வீட்டுக்கு எடுத்துப் போனாள். துணி துவைக்கும்போது சொல்லிப் பார்த்தாள்: புரியலை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடி உதட்டுக்குள் சொன்னாள்: புரியலை. சின்ன வார்த்தைதான். பள்ளிக்கூடத்தில் நிஜமாகவே புரியாதபோதுகூட அவள் அதைச் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை கமிட்டி வந்தது. வெங்கடசுப்ரமணியன் என்று ஒரு பெரியவர், வேறு ஏதோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். யூனிவர்சிட்டி ஆபீசிலிருந்து ஆதிரா என்று ஒரு மேடம், கையில் வீடியோ எடுக்க ஒரு போன். அவர்களுக்குப் பின்னால் சூடாமணி டீச்சர், எப்போதும் போலக் கல் நிறைந்த பையோடு ஒரு தோள் சாய்ந்து நடந்து வந்தார். விஷ்ணுப்ரியா பட்டுப்பாவாடை கட்டியிருந்தாள்.

அண்ணாச்சி எல்லாருக்கும் ஸ்டூல் போட்டுக் காப்பி சொல்லி அனுப்பினார். "சார், பித்தளை வேணும்னா சொல்லுங்கோ. அவார்டு வாங்குறவங்களுக்குக் குத்துவிளக்கு விசேஷம்."

"யாருக்குன்னு இன்னும் முடிவாகலை," என்றார் வெங்கடசுப்ரமணியன் சிரிக்காமல். ஜெயஷீலாவைப் பார்த்தார். "உன் பேரு என்னம்மா?"

சொன்னாள். அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள்.

"மோளே, பேடிக்கண்டா," ஆதிரா மேடம் பயப்படாதே என்று கைகாட்டினார். "கேமராவைப் பாக்க வேண்டாம். சாதாரணமா பேசினா போதும்."

"இந்தப் பொண்ணு உனக்குப் போன வாரம் ஒண்ணு சொன்னாளே," என்றார் பெரியவர். "அதை எனக்குச் சொல்லு, பாக்கலாம்."

ஜெயஷீலா டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் சனிக்கிழமைகளில் எப்படியோ அப்படியே, அடுக்குச் சட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரி என்றோ தப்பு என்றோ அந்த முகத்தில் ஒருநாளும் வராது.

"எனக்குப் புரியலை," என்றாள்.

விஷ்ணுப்ரியாவின் முகம் வெளுத்தது. "ஏய்! அன்னிக்கு நன்னாத் தலையாட்டினியே."

"புரியலை."

ஆதிரா மேடம் போனைத் தாழ்த்தினார். பெரியவர் டீச்சர் பக்கம் திரும்பி, குரலைக் குறைக்காமலே சொன்னார்: "மேடம், நீங்க எழுதிக் கொடுத்ததுல ஒரு செமஸ்டருக்குள்ள எல்லாக் கேள்விக்காரரும் திருப்பிச் சொல்றாங்கன்னு இருக்கு."

"சொல்லுவா. சொல்லலைன்னா பாக்கின்னும் அதுலயே எழுதியிருக்கேன்," என்றார் டீச்சர். கோபமோ பதற்றமோ இல்லை. "விஷ்ணுப்ரியா, அவளுக்குப் புரியலையாம். மறுபடியும் சொல்லு. இப்பவே."

விஷ்ணுப்ரியா பேச ஆரம்பித்தாள். கையில் தாம்பாளம் இல்லை. கண் பெரியவர் மேல் இருந்தது. கோண்ட்வானா என்றாள். பிளவு என்றாள். இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொல்லி, அதற்கு விளக்கமாக மூன்றாவது இங்கிலீஷ் வார்த்தை ஒன்று சொன்னாள். "ரெண்டு கரையோட ஓரமும் பொருந்தறது, அதனால ஒண்ணா இருந்ததுன்னு..."

"பொருந்தினா?" பெரியவர் குறுக்கிட்டார். "நான் ரெண்டு பேப்பரைக் கிழிச்சாலும் எங்கேயாவது பொருந்துமே?"

"அது... பாறையோட ஏஜ் வந்து சார்..." அவள் நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள்.

ஜெயஷீலாவுக்கு அது பொறுக்கவில்லை. விஷ்ணுப்ரியா அழப்போகிறாள் என்பது ஒரு பக்கம். அதைவிட, அவ்வளவு அழகாக இருந்த ஒன்று இப்படிக் கூழாகிக்கொண்டிருந்தது. பொன்முடியில் நின்று போகிற கல் கடலுக்கு அந்தப் பக்கம் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது. அந்தச் சொல் வந்தால் போதும், இவர்கள் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அது வரவே இல்லை. வாயை மூடிக்கொண்டு நின்றால் கடல் பாடம் தனக்கு. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் போதும்.

அவள் குனிந்து இரண்டு தாம்பாளங்களை எடுத்தாள்.

"இப்படித்தானே சொன்னீங்க," என்றாள் விஷ்ணுப்ரியாவிடம். பெரியவரைப் பார்க்கவில்லை. "ஓரம் போதாது, கோடு வேணும்னு." தட்டுகளை ஒட்டி வைத்து, பேனாவால் இங்கிருந்து அங்கே இழுத்து, இரண்டையும் நகர்த்தினாள். "கல்லு இங்க நின்னுபோவுது. அதே கல்லு, அதே நெளிவு, அங்க போய்த் தொடங்குது. ஓரம் எதேச்சையாப் பொருந்தலாம். கோடு அப்படிப் பொருந்தாது. அதான் ஒண்ணா இருந்துச்சுன்னு தெரியுது. யாரும் பாக்கல, ஆனா தெரியுது."

விஷ்ணுப்ரியா மூச்சு விட்டாள். "ஆமா! கோடு! கோட்டை மறந்தே போயிட்டேன்," என்று, அழுகை வர வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டாள். பெரியவரும் முதல் தடவையாகச் சிரித்தார். ஸ்டூலிலிருந்து எழுந்து, தரையில் குந்தி உட்கார்ந்து, தட்டுகளைத் தன் கையாலேயே ஒருமுறை சேர்த்துப் பார்த்து நகர்த்தினார். ஆதிரா மேடம், "மோளே, அந்தத் தாம்பாளத்தை நகர்த்தறதை மட்டும் இன்னொரு தடவை," என்று குனிந்து படம் எடுத்தார்.

"அப்போ புரிஞ்சுதுன்னு போட்டுக்கலாமா?" என்றார் பெரியவர்.

ஜெயஷீலா பேனாவை மூடினாள். "போட்டுக்கலாம்," என்றார் டீச்சர்.

அவர்கள் இறங்கிப் போனார்கள். டீச்சர் மட்டும் இரண்டு கடை தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தார். ஜெயஷீலா கோட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு முன்னாடியே புரிஞ்சிருந்தது, இல்லையா?"

"ஆமா டீச்சர்."

"பின்னே?"

"கடல் பாக்கி இருக்குன்னாங்க."

டீச்சர் பையை இறக்கித் தரையில் வைத்தார். சட்டிகளைப் பார்க்கவில்லை. இந்தத் தடவை அவளையே பார்த்தார். "நான் போட்ட ரூல்மா அது. புதுசா ஒருத்தர் கேட்டாத்தான் இவா புதுசா யோசிக்கறா. பழகின ஆள்கிட்டே அரைகுறையாச் சொல்லிட்டு வந்துடுவா. ரூல் தப்பு இல்லே." தோளில் பையை ஏற்றிக்கொண்டார். "கேட்கறவாளுக்கு என்ன ஆறதுன்னு நான் யோசிக்கலை."

அதற்குமேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று ஜெயஷீலா பல நாள் நினைத்தாள்.

விருது டீச்சருக்கே கிடைத்தது. விழாவுக்குக் கேள்விக்காரர்கள் எல்லாரையும் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணாச்சி அரைநாள் லீவு கொடுத்ததோடு, டீச்சருக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு சின்னக் குத்துவிளக்கும் கொடுத்துவிட்டார். பெரிய ஹாலில் கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் மீன்கார அம்மாவுக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்தாள். திரையில் படம் ஓடியது. தாம்பாளங்கள் நகர்ந்தன. அவள் விரல்கள் தெரிந்தன. வாய் அசைந்தது. ஆனால் வந்தது வேறு யாரோ ஒருத்தியின் குரல், இங்கிலீஷில், பின்னால் வீணையோடு.

"நீயாக்கும் அது?" மீன்கார அம்மா இடித்தாள். "கை நல்லா வந்திருக்கு."

பாராட்டுரையை மலையாளத்தில் வாசித்தார்கள். ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதிய கேள்விக்காரர் என்ற விதி மிகவும் சிறப்பானது, இனி எல்லாத் துறைகளிலும் இதைக் கொண்டுவரப் போகிறோம் என்று வந்தபோது கைதட்டல் பலமாக இருந்தது. எல்லாரும் தட்டினார்கள். மேடையில் டீச்சர் கேடயத்தைக் கல் பையைப் போலவே ஒரு பக்கம் சாய்த்துப் பிடித்திருந்தார். ஜெயஷீலாவும் தட்டினாள். அந்தக் கேடயம் டீச்சருக்குத் தகும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தகாது என்றிருந்தால் தட்டாமல் இருந்திருக்கலாம்.

வாசலில் விஷ்ணுப்ரியா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். "நான் வந்து உனக்குக் கடல் எல்லாம் சொல்றேன் கேட்டோ. மார்க்குக்கு இல்லே, சும்மா."

ஒருநாள் வரவும் வந்தாள். வாசலில் நின்று, போனைப் பார்த்துக்கொண்டே, "இந்த வாரம் ரொம்ப டைட் ஜெயா, புது ஆள் வேற ஒண்ணும் பிடிபடாம இருக்கார்," என்றாள். ஜெயஷீலா, "பரவாயில்ல, நீங்க போங்க," என்றாள். இரு, ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போ என்று கேட்க அவளுக்கு வரவில்லை. கேள்விக்காரியாக இருந்தபோது எதையும் கேட்டவள்தான். இப்போது அந்த உரிமை இல்லை.

புது ஆள் யாரென்று அடுத்த வெள்ளிக்கிழமை தெரிந்தது. கம்போளத்தின் எதிர் வரிசையில் பழக்கடை வைத்திருக்கும் லிங்கராஜ். நீலப் பை இந்தப் பக்கம் திரும்பாமல் அந்தப் பக்கம் போனது. விஷ்ணுப்ரியா ஒரு பழக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கையை விரித்து விரித்துப் பேசினாள். அந்தக் கைவிரிப்பை ஜெயஷீலா அறிவாள். முக்கியமான இடம் வரும்போது அப்படி விரியும். நடுவில் கைவண்டிகளும் ஸ்கூட்டர்களும் போயின. "அடியிலே" என்று ஒரு சொல் வந்தது. "சூடா" என்று ஒன்று வந்தது. மிச்சத்தை ஒரு லாரியின் ஹாரன் கொண்டு போய்விட்டது. ஜெயஷீலா தவலைகளைக் கடையின் வெளிப்படிவரை தள்ளி அடுக்கினாள். அப்போதும் கேட்கவில்லை.

"வழியை அடைச்சு ஏம்ட்டி வைக்க?" என்றார் அண்ணாச்சி. பிறகு எதிர்ப்பக்கம் பார்த்தார். கல்லாவுக்குத் திரும்பிவிட்டார்.

விஷ்ணுப்ரியா எழுந்து போனதும் ஜெயஷீலா ரோட்டைத் தாண்டினாள். வேலைக்குச் சேர்ந்து இத்தனை காலத்தில் அந்தப் பக்கம் அவள் போனதே இல்லை.

"அண்ணே, அந்தப் பிள்ளை என்ன சொல்லிச்சு?"

லிங்கராஜ் நிமிர்ந்து பார்த்தார். "நீ பாத்திரக்கடைப் பிள்ளையில்லா? என்னத்தையோ சொல்லிச்சு, போ. கடலுக்கு அடியில மலை இருக்காம்."

"மலையா?"

"வரிசையா மலையாம். நடுவுல வெடிச்சிருக்காம். அதுக்குள்ளருந்து..." அவர் கையைத் தூக்கி, எதையோ பிடிக்கப் பார்த்து, விட்டுவிட்டார். "அந்தச் சமயம் பாத்து ஏத்தன்பழத்துக்கு ஒரு ஆளு வந்துட்டான். நிறுத்துப் போட்டுட்டு வந்தா அந்தப் பிள்ளை வேற எங்கயோ போயிட்டு. நாளைக்கு டீச்சர் வருமாம். எனக்கு ஒரு எழவும் பிடிகிட்டல."

"உள்ளருந்து என்ன வருதாம், அண்ணே? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சா வருமா அது? கேட்டாதானே வரும். யாவாரமும் பாத்து அதையும் எப்பிடிக் கேக்க?"

ஜெயஷீலா குலைகள் தொங்கிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி எதிர்ப்பக்கத்திலிருந்து கூப்பிடவில்லை. பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முன்பின் தெரியாதவர்களுக்குப் பழம் நிறுத்துக் கொடுப்பதும், விலை கேட்கிறவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்வதும் அவளால் முடியாத காரியம்.

"அண்ணே, அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை வர்ற நேரம் நான் வந்து உங்க யாவாரத்தைப் பாத்துக்கிடுதேன். நீங்க நல்லாக் கேட்டு எனக்குச் சொல்லுங்க."

"நீயா? வாயே திறக்கமாட்டேன்னுல்லா உன்னைச் சொல்லுவாங்க."

"திறப்பேன்," என்றாள் ஜெயஷீலா. "தராசு எந்தப் பக்கம் வச்சிருக்கீங்க, காட்டுங்க."